மூன்றாவது வரியில் சின்னவன்

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று வரிகள் இருக்கும். இந்தக் கோப்பு தானாக உருவானது என்பது முதல் வரி. கையால் தொடாதீர்கள், மாற்றம் வேண்டுமென்றால் மூலக் குறிப்பைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது வரியில் இரண்டே சொற்கள்: ஆக்கம், சின்னவன்.

சின்னவன் என் தம்பி. வீட்டில் கூப்பிடுகிற பெயரை அப்படியே அங்கே போட்டு வைத்திருந்தான்.

எங்கள் தொழில் எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்வது. சரக்கு லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் படித்து, திரையில் காட்டி, சீட்டு அச்சடித்துக் கொடுக்கிற ப்ரோக்ராம். அதற்கு முன்னால் அப்பா தராசு செய்துகொண்டிருந்தார். தராசு வீடு என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். அப்பாவின் பட்டறையில் ஒரு முறை உண்டு. தராசு வெளியே போவதற்கு முன் தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் அதைச் செய்தவனின் பெயரை உளியால் கொத்துவார்கள். கூலிக்கு வந்தவன் செய்திருந்தால் அவன் பெயர்தான் இருக்கும். அப்பா தன் பெயரை அங்கே போட்டுக்கொள்ள மாட்டார். வாங்குகிறவன் யாரும் தட்டைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் பெயர் இருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பிறகு இரும்பு என் பொறுப்பு, கம்ப்யூட்டர் சின்னவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் ப்ரோக்ராம் ஒன்றுதான். ஆனால் அது ஓட வேண்டிய கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒரு ஆலையில் புதுப் பெட்டி, இன்னொன்றில் தூசி படிந்த பழைய பெட்டி, ஓரிடத்தில் அச்சு இயந்திரம் வேறு, ஓரிடத்தில் திரை வேறு. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு திட்டக் கோப்பு வேண்டும். எந்தெந்தப் பகுதிகளைச் சேர்த்து, எப்படி ப்ரோக்ராமாக மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கோப்பு அது. அப்படி நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எழுதுவது வீண்வேலை என்று சின்னவன் ஒரு சின்னக் கருவி செய்தான். எல்லா விவரமும் மூலக் குறிப்பு என்ற ஒரே இடத்தில் இருக்கும். கருவியை ஓட்டினால், கண் இமைப்பதற்குள் அத்தனை திட்டக் கோப்புகளையும் அதுவே எழுதிப் போட்டுவிடும்.

பிறகு அவன் போய்விட்டான். நகரின் மறுபக்கத்தில் எங்களுக்குப் போட்டியாக இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போனான். போனதுகூடப் பெரிதில்லை. மாடியில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கீழே ஆபீசுக்கு இறங்கி வந்து, என் மேசையில் டைப் அடித்த ராஜினாமாக் கடிதத்தை வைத்தான். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்திருந்தான். சொந்த அண்ணனுக்கு.

வாசல் பலகையிலிருந்து அவன் பெயரை அன்றே எடுத்துவிட்டேன். சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், என் காதுபட அவன் பேச்சு வரக்கூடாது என்று. யாரும் மீறவில்லை. என் மகள் மட்டும் வாய் தவறி "சித்தப்பா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வாள்.

கோப்புகளில் அவன் பெயர் இருப்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. துறைமுகத்து எடை அதிகாரி கேட்ட பிறகுதான் உறைத்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்கு ப்ரோக்ராமோடு அதன் மூலக் கோப்புகளையும் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஒளிக்க எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக. அந்த அதிகாரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால், "யார் சார் இந்தச் சின்னவன்?" என்று கேட்டார். பழைய ஆள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். போட்டிக் கம்பெனியின் ஆளாக அவன் அதே துறைமுகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம்.

திரும்பி வந்து முதல் வேலையாக எல்லாக் கோப்புகளிலிருந்தும் மூன்றாவது வரியை அழித்தேன். கருவியை மறுபடி ஓட்டினால் அந்த வரி மறுபடி முளைக்கும். அதனால் கருவியை இனி யாரும் தொட வேண்டாம், அது ஓடாது என்று சொல்லிவிட்டேன். அவன் பெயரில் ஒரு ஃபோல்டர் கிடந்தது, அதையும் அழித்தேன். கையால் தொடாதீர்கள் என்ற வரி இனி உண்மையில்லை, தானாக உருவானது என்பதும் உண்மையில்லை. பொய்யை எழுதி வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது. ப்ரோக்ராமில் ஒரு பகுதி புதிதாகச் சேர்ந்தால், நாற்பது சொச்சம் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உரிய இடத்தில் அதன் பெயரைச் சேர்த்து, மூடுவேன். எனக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியாது. ஆனால் இது பட்டியலில் பெயர் சேர்க்கிற வேலைதான், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மாடியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மகள் வேறு ஊரில். கீழே எட்டு நாற்காலிகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டில்தான் ஆள் உட்காருகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கினால், இருட்டுகிற வரைக்கும் அந்தக் கோப்புகள் எனக்குப் போதுமானதாக இருந்தன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கும்போது, இன்னும் இத்தனை இருக்கின்றன என்று பார்ப்பேன். அது அலுப்பாக இருந்ததில்லை.

இரண்டாவது நாற்காலி பில்டம்மாவுடையது. ப்ரோக்ராமின் எல்லாப் பகுதிகளையும் ஒன்றுசேர்த்துக் கடைசி வடிவம் எடுப்பதை பில்ட் என்பார்கள். அந்த வேலைக்கு வந்த இன்ஜினியர் அவள். வாரத்துக்கு இரண்டு முறை வருகிற கணக்கர் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டது. ஐந்து மணிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொள்ளப் போய்விடுவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

இந்த முறை துறைமுகம் புதிதாக ஒன்று கேட்டது. ஒரே மேடையில் இரண்டு லாரிகளின் சக்கரங்கள் ஏறி நின்றால் மணி அடித்து எடை எடுப்பதை நிறுத்த வேண்டும். பில்டம்மா அதை எழுதினாள், நான் கோப்புகளில் சேர்த்தேன். சோதனை நாளில் நானும் போயிருந்தேன். பெரிய வாசலில் மணி அடித்தது. மேற்கு வாசலில் அடித்தது. பழைய பெட்டிகள் இருக்கிற பின்வாசலில் இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டு நின்றபோதும் எங்கள் ப்ரோக்ராம் நிதானமாக எடை போட்டுச் சீட்டையும் கொடுத்தது.

அதிகாரி அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் என் கையில் கொடுத்தார்.

பின்வாசல் கோப்பு ஒன்றில் புதிய பகுதியின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். சேர்த்து அனுப்பினேன். இரண்டாவது சோதனையில் மணி அடித்தது, ஆனால் சீட்டில் தேதி தப்பாக வந்தது. எப்போதோ ஒரு நாள் எல்லாக் கோப்புகளிலும் செய்த ஒரு திருத்தம் அந்த ஒன்றில் மட்டும் ஏறாமல் கிடந்திருக்கிறது. அதிகாரி இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. "எல்லா கேட்டுக்கும் ஒரே ப்ரோக்ராம்னு சொல்றீங்க. ஒவ்வொரு கேட்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. உங்க வீட்டு எடைன்னா அப்பா காலத்துல கண்ணை மூடிட்டு வாங்குவாங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லா வாசலுக்கும் ஒரே சீராகக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் மறுபக்கத்துக் கம்பெனியைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வேலை கைமாறிப்போனால் பண நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். தராசு வீட்டு எடை தப்பு என்று சொல்லி எடுத்தார்கள் என்றால், அது அப்பாவின் பெயரில் போய் விழும்.

மறுநாள் நான் இறங்கி வரும்போது பில்டம்மா எனக்காகக் காத்திருந்தாள்.

"சார், கோச்சுக்கக் கூடாது. அந்தப் பழைய டூல் ஓடாதுன்னு சொன்னீங்கல்ல? ஓட்டிப் பார்த்தேன். ஓடுது."

யாரைக் கேட்டு ஓட்டினாய் என்றேன்.

"யாரையும் கேக்கல. கேட்டா விட மாட்டீங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். "உங்க கைத்திருத்தம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து மூலக் குறிப்புல ஏத்திட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா சார்? நாப்பது ஃபைலும் நாப்பது விதமா இருக்கு. நீங்க எவ்வளவு கவனமா பண்ணாலும் கை கைதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திரையைப் பார்த்தபோது அவள் சொன்னது எல்லாம் வரிசையாக, சிவப்பில் தெரிந்தது.

சிக்கல் பின்வாசலில் மட்டும்தான் என்றாள். மற்ற எல்லாவற்றுக்கும் கருவி கோப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது. பழைய பெட்டிகளுக்கான மூன்று கோப்புகளுக்கு வரும்போது, பழையவை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பழையவை என்ற பெயரில் எங்கேயும் எதுவும் இல்லை, அழித்ததையும் விடாமல் சேர்த்து வைக்கிற பழைய பதிவுகளிலும் தேடிவிட்டாள். எழுதியவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார் என்றாள்.

"ஃபைலோட தலையிலயே பேரு வருது, சின்னவன்னு. அவர் எங்க இருக்காரு சார் இப்போ?"

என் மேசைக்குப் போனேன். அன்று முழுக்க அந்த மூன்று கோப்புகளைக் கையால் சரிசெய்யப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடித்தது. சாயங்காலம் மகளுக்கு போன் செய்தேன். இது ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று பயந்துபோய் எடுத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். எவன் என்று அவள் கேட்கவில்லை.

"அவர் நம்பரை மாத்தவே இல்லப்பா. உங்க போன்ல என்ன பேர்ல இருந்துச்சோ அதேதான்."

என் போனில் அது சின்னவன் என்ற பெயரில்தான் இருந்தது. பலகையில் அழித்தேன், கோப்புகளில் அழித்தேன், அங்கே அழிக்கத் தோன்றாமல் விட்டிருக்கிறேன்.

இரண்டாவது மணியில் எடுத்தான். "சொல்லுங்கண்ணே" என்றான், காலையில் பேசி வைத்தவன் மாதிரி.

ஒரு வேலை விஷயமாகக் கேட்க வேண்டும் என்றேன். கேளுங்கள் என்றான். பின்வாசல், மூன்று கோப்புகள், பழையவை கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்பதான் ஓட்டுறீங்களா? அப்போ இவ்வளவு வருஷமா?"

"கையால செஞ்சேன்."

"எல்லா ஃபைலையுமா?"

"எல்லாத்தையும்."

"தொடாதீங்கன்னு எழுதியிருந்தேனேண்ணே."

"அந்த வரியையும் எடுத்துட்டேன்."

அவன் சிரித்தான். சின்ன வயதில் அடி வாங்கப்போகிற நேரத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு. "தராசுல கை வைக்காத வீடுன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாரு" என்றான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நீளமான இருமல். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தான். பழையவை என்று ஒரு கோப்பே கிடையாதாம். அவன் பெயரில் இருந்த ஃபோல்டருக்குள் மூன்று சின்னக் குறிப்புகள் இருந்தன, கருவி அங்கே போய்த்தான் தேடுமாம். "அதை நீங்க அழிச்சிருப்பீங்க" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்திருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னான். "பரவால்ல. அழிச்சாலும் பழைய பதிவுல இருக்கும். என் பேரைப் போட்டுத் தேடச் சொல்லுங்க, கிடைக்கும்."

காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"துறைமுகத்து வேலைதானே இது? நீங்க கோட்டை விட்டா அடுத்து எங்களைத்தான் கூப்பிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. எங்க மேனேஜர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க." மறுபடி இருமினான். "அப்புறம், பேருக்காகத்தானே ஓட்டாம வெச்சிருந்தீங்க? டெம்ப்ளேட்னு ஒரு ஃபைல் இருக்கும். எல்லாத் தலைப்பும் அதுலேருந்துதான் வருது. அதுல மூணாவது வரியை எடுத்துட்டா எங்கேயும் வராது. ஒரே ஒரு வரி. அன்னைக்கே கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவன் காத்திருந்தான். அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம். அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது.

"வேற ஏதாவது கேக்கணுமாண்ணே?"

"இல்ல. அவ்வளவுதான்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

காலையில் அந்தக் காகிதத்தை பில்டம்மாவிடம் கொடுத்தேன். அவன் பெயரைப் போட்டுத் தேடினாள். ஃபோல்டர் இருந்தது, உள்ளே மூன்று குறிப்புகளும் இருந்தன, நான் அழித்த நாளும் அழித்தவன் பெயரும் பக்கத்தில் இருந்தன. அவள் அதைப் படித்தாள். எடுத்து உரிய இடத்தில் வைத்துக் கருவியை ஓட்டினாள். திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின. நான் ஒரு வாரம் உட்காருகிற வேலை. நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். தலையில் மூன்று வரிகளும் இருந்தன.

"இந்த மூணாவது வரியை எடுத்துடட்டுமா சார்?" என்றாள் பில்டம்மா. "நேத்து கணக்கர் சொன்னாரு. அதுக்காகத்தான் டூலையே மூடி வெச்சிருந்தீங்கன்னு. எனக்குத் தெரிஞ்சிருந்தா வந்த அன்னைக்கே எடுத்திருப்பேன். நான் அது நிஜமாவே ரிப்பேர்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவள் விரல் விசையின் மேல் இருந்தது. டெம்ப்ளேட்டைத் தயாராகத் திறந்து வைத்திருந்தாள். மூன்று வரிகள், கடைசி வரியில் இரண்டு சொற்கள். எத்தனையோ மதியங்கள் நாற்பது கோப்புகளில் நான் உட்கார்ந்து செய்த வேலைக்கெல்லாம் காரணம் இந்த ஒரே வரி.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"செஞ்சவன் பேர் இல்லாம இந்த வீட்லேருந்து எதுவும் வெளிய போறதில்ல. அனுப்பும்மா."

வெள்ளிக்கிழமைச் சோதனைக்கு நானே போனேன். பெரிய வாசல், மேற்கு வாசல், பின்வாசல், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மணி அடித்தது. சீட்டுகளை வரிசையாக மேசையில் வைத்து அதிகாரி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். தேதி, எடை, எழுத்து, எதிலும் வித்தியாசம் இல்லை. இப்போது உட்காரச் சொன்னார். மூலத்தையும் திறந்து வைத்திருந்தார், அவர் விட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"இந்தச் சின்னவன் மறுபடியும் வந்துட்டாரே சார். யாரு இவரு?"

"என் தம்பி. இந்தக் கோப்பெல்லாம் அவன் செஞ்சது" என்றேன். அறையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலை நம்மிடமே இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னேன். சித்தப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். அவன் போட்டிக் கம்பெனிக்காரன், அவனுக்குத் தானாகத் தெரிந்திருக்கும் என்றேன். அது உண்மைதான். எங்களுக்குக் கிடைத்தது என்றால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது புதிய பகுதி எதைச் சேர்த்தாலும் பில்டம்மா மூலக் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதி ஓட்டிவிடுகிறாள். அவள் ஐந்து மணிக்குப் போன பிறகு ஆபீசில் விசிறிச் சத்தம்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பழக்கத்தில் இறங்கி வந்து உட்காருகிறேன். கோப்புகளைத் திறந்தால் தலையிலேயே தொடாதீர்கள் என்று இருக்கிறது. தொடுவதில்லை.

போனை எடுத்து அந்தப் பெயர் வரைக்கும் போய்விட்டேன், இரண்டு மூன்று தடவை. அந்த இருமலைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் அவன்தான் அன்று கேட்டானே, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று. இல்லை என்று சொன்னது நான். சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு, காரணம் இல்லாமல் போய் நிற்கிற வழக்கம் எனக்கு இல்லை. வேலை விஷயமாக ஏதாவது இருந்தால் அது வேறு.

அதனால் மூலக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்து வருகிறேன். ஏதாவது ஓர் இடத்தில் எனக்குப் புரியாத குறி ஒன்று இருக்காதா, இது என்ன என்று கேட்க வேண்டிய வரி ஒன்று இருக்காதா என்று பார்க்கிறேன். சின்னவன் தெளிவாக எழுதுகிறவன், எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே விளக்கமும் எழுதி வைத்திருக்கிறான். இதுவரை எல்லாம் புரிகிறது. இன்னும் பாதி இருக்கிறது.